ஆம்பூரின் தோல் வேண்டும், கறி வேண்டாமா?

ஊர் சுற்றப் போகிறவர்கள் இப்போது கோயிலையும் கடற்கரையையும் விட சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். தாய்லாந்து போய்வந்தால், பாங்காக்கில் ஏதோ ஒரு சந்தில் ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் சின்னக் கடை பற்றி ஒரு பதிவு கட்டாயம் வரும். அம்மா அடுப்பில் நிற்பார், மகள் பில் போடுவார், மொத்தம் நாலு மேஜை, சுவரில் தாத்தா படம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் தோழர்களும் பகிர்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே ஆட்கள் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற வழியில் ஆம்பூரில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு எழுதும் பதிவுகளில், ஒரு தலித் குடும்பம் நடத்தும் மாட்டுக்கறி பிரியாணிக் கடை ஏன் வருவதே இல்லை?

'அவரவர் நாக்கு, அவரவர் விருப்பம்' என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடலாம். நான் சமூகவியல் படித்தவள். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பேருந்தில் அலைந்து வேலை செய்கிறவள். எனக்கு அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு சாப்பாடு 'பேர்போன சாப்பாடு' ஆவதற்குப் பின்னால் ருசி மட்டும் இல்லை. அரசும் சாதியும் முதலும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. தாய்லாந்துக் கதையே இதற்கு நல்ல சாட்சி.

உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் தாய் உணவகம் இருப்பது தற்செயல் இல்லை. 2002 இல் தாய்லாந்து அரசு 'குளோபல் தாய்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது வெளிநாடுகளில் சுமார் 5,500 தாய் உணவகங்கள் இருந்தன. அதை 8,000 ஆக்குவது இலக்கு. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கடை போடக் கடன் கொடுத்தார்கள். தகுதியான கடைகளுக்கு 'தாய் செலக்ட்' என்ற அரசு முத்திரையும் வந்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த பேட் தாய் கூட அரசு தூக்கிப் பிடித்த உணவுதான். 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபூன் சோங்கிராம் தன் தேசியவாதப் பிரச்சாரத்தோடு சேர்த்து அதைப் பரப்பினார். அந்த நூடுல்ஸ் சீனக் குடியேறிகளோடு வந்தது. ஆனாலும் அது தாய்லாந்தின் அடையாளம் ஆகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் சோம் தம் வடகிழக்கே இசான் பகுதியின் உணவு. அந்தப் பகுதி ஏழைப் பகுதி. அங்கிருந்து பாங்காக்குக்குக் கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டவும் வந்தவர்கள் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்கள் சாப்பிடும் புளிக்க வைத்த மீனின் வாசனையைக் கேட்டாலே மேல்தட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அதே சோம் தம் இல்லாத தாய் மெனு கார்டு கிடையாது. கூலிக்காரர்களின் சாப்பாடு ஒரு நாட்டின் பெருமையாக மாற முடியும் என்பதற்கு இது சான்று. அரசும் சந்தையும் மனசு வைத்தால் நடக்கிற காரியம்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும். ஆர்க்காட்டு நவாப் சமையலறையிலிருந்து வந்தது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. 1890 இல் தொடங்கியதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி, இன்றும் அதே குடும்பத்தின் பெயரில் நிற்கிறது. ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கைப்பக்குவம் நூறு வருடத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் பெயர் வாங்கி நிற்பது நாம் மதிக்க வேண்டிய விஷயம். ஆனால் ஆம்பூரில் பிரியாணி என்றால் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் மட்டும் இல்லை. மாட்டுக்கறி பிரியாணியும் ஊரின் பிரியாணிதான். தலித் மக்களும் முஸ்லிம் மக்களும் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிற எல்லா சாதி ஏழைகளும் தினமும் சாப்பிடுவது அதுதான்.

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூர் வர்த்தக மையத்தில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு வாங்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல யோசனை. ஆனால் பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணிக்கும் பன்றிக்கறி பிரியாணிக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் வேறு பல அமைப்புகளும் எதிர்த்தார்கள். வாசலிலேயே மாட்டுக்கறி பிரியாணி இலவசமாகக் கொடுப்போம் என்ற அறிவிப்பும் வந்தது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை விலக்கியதைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

நோட்டீஸ் போனதை அன்று வெற்றியாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதோடு விட்டுவிட்டோம். அந்தச் சில நாட்களில் எழுந்த கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஓர் ஊரின் சாப்பாட்டை அரசு கௌரவிக்கும்போது, அந்த ஊரில் யாருடைய சட்டியை அது 'ஊரின் சட்டி' என்று எடுத்துக்கொள்கிறது?

ஒரு தனியார் ஓட்டல் முதலாளி மாட்டுக்கறி விற்க மாட்டேன் என்று சொன்னால் அது அவர் தொழில். எதை விற்பது என்பதை அவர் முடிவு செய்யலாம். உள்ளே வருகிறவனின் சாதி பார்க்கத்தான் அவருக்கு உரிமை இல்லை. அரசு அப்படி இல்லை. அரசு போடும் பட்டியல் வியாபாரப் பட்டியல் இல்லை, அது அங்கீகாரப் பட்டியல். 'இதெல்லாம் ஆம்பூரின் உணவு' என்று அரசு கையெழுத்துப் போடும்போது, விட்டுப்போனது ஆம்பூரின் உணவு இல்லை என்றும் அதே கையெழுத்து சொல்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்கள் ஆம்பூரின் ஆட்கள் இல்லை என்பது அதற்கு அடுத்த வரி.

'சட்டப் பிரச்சினை வரும்' என்று சிலர் அப்போது சொன்னார்கள். என்ன சட்டம்? தமிழ்நாட்டில் 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பத்து வயதுக்கு மேலாகி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்று சான்று வாங்கி அறுக்க அது வழிவிடுகிறது. மாட்டுக்கறிக் கடைகள் திறந்த வெளியில் நடக்கின்றன. 2017 இல் சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்பதை முடக்க ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தபோது, அதற்கு முதலில் தடை போட்டது நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பொருந்தும் என்றது. ஆகவே இங்கே தடுத்தது சட்டம் இல்லை. கூச்சம்தான் தடுத்தது. அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சாதியின் கூச்சம் அது.

சொல்லப்போனால் அந்த விழா முழுச் சைவ விழா கூட இல்லை. 2014 இல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவு ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சுமார் 97 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அசைவத்தை இங்கே யாரும் ஒதுக்க முடியாது. அதனால் அசைவத்துக்குள்ளேயே ஒரு ஊரும் ஒரு சேரியும் பிரித்துவிட்டார்கள். ஆடும் கோழியும் ஊருக்குள். மாடும் பன்றியும் வெளியே.

இந்த இடத்தில்தான் வேலூர், ஆம்பூர் என்று சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் தோலைப் பற்றிப் பேச வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றின் ஓரமாக நீளும் இந்த வட்டாரம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஷூ அனுப்புகிறது. தோலுக்கென்று சென்னை அடையாறில் 1948 இலிருந்து ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏற்றுமதிக் கழகம் இருக்கிறது. கண்காட்சி உண்டு, விருது உண்டு, அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவது உண்டு. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? ஆட்டிலிருந்து வந்தது பாதி என்றால், மாட்டிலிருந்தும் எருமையிலிருந்தும் வந்தது மீதி. ஒரே உடம்பு. அதன் தோல் பளபளப்பாக்கப்பட்டு டாலர் கொண்டுவந்தால் அது தொழில் வளர்ச்சி. அதன் கறி ஒரு தட்டில் வந்தால் 'உணர்வுகளைப் புண்படுத்தும்'.

பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு எடுத்தவர்கள் யார்? டிரம்முக்குள் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் நம் ஆட்கள். தோல் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி, அந்தத் தீட்டையே பரம்பரை வேலையாக நம் தலையில் கட்டியது சாதி. அந்த வேலை லாபமாக மாறியபோது முதலாளிகளாக வந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்? கழிவுநீர் பாலாற்றில் ஓடியது. 1996 இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் பிழைக்க வந்த மேற்கு வங்கத்துக்காரர்கள். தோலின் நாற்றத்தையும் நோயையும் சாவையும் தொழிலாளிக்கு ஒதுக்கிய இந்த ஏற்பாடு, அவன் மதியம் சாப்பிடும் கறியை மட்டும் விழா மேடைக்கு வரக்கூடாது என்கிறது.

அடுத்து, 'குடும்ப உணவகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மூன்று தலைமுறை, நாலு தலைமுறை, பாட்டியின் கைமணம் என்று பெருமையாக எழுதுகிறோம். தலைமுறை தலைமுறையாக ஒரு கடை நடக்க என்னென்ன வேண்டும்? கடைத்தெருவில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வாடகைக்குக் கொடுக்க ஒருவர் வேண்டும், அல்லது சொந்தமாக வாங்கப் பணம் வேண்டும். கடனுக்கு அரிசி போடும் மண்டிக்காரர் வேண்டும். நட்டம் வந்தால் தாங்கிப் பிடிக்க உறவில் நாலு பேர் வேண்டும். உடுப்பிக்காரர்களுக்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்கும் கொங்கு நாட்டுக்காரர்களுக்கும் நாடார்களுக்கும் இதையெல்லாம் அவரவர் சாதி வலைப்பின்னல் கொடுத்தது. அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. உழைப்பு வீணாகாமல் ஒரு சொத்தாகச் சேர்வதற்கு வழி இருந்தது என்கிறேன். நம் பாட்டிகளுக்கும் கைமணம் இருந்தது. அவர்கள் படத்தை மாட்ட கடைத்தெருவில் ஒரு சுவர் இல்லை.

இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போகும்போது நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை ஒன்று உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. கிழிந்த ஃபிளெக்ஸில் 'பீஃப் பிரியாணி' என்று மட்டும் இருக்கும். அண்ணன் விடியற்காலையில் கறி வாங்கிவந்து வெட்டுவார், அக்கா மிளகாய் அரைப்பார், கல்லூரி போகும் மகன் போகும் முன்னால் தேக்சாவை இறக்கி வைத்துவிட்டுப் போவான். பதினொன்றரைக்குத் தம் உடைத்தால் ஒன்றரைக்குள் காலி. கம்பெனிப் பெண்கள் வந்து 'அக்கா, ஒரு குஸ்கா, மேல ரெண்டு பீஸ் வைக்கா' என்று வாங்கிப் போவார்கள். பாங்காக் கடையைப் பற்றி நீங்கள் படித்ததெல்லாம் இங்கேயும் இருக்கிறது, தாத்தா படத்தைத் தவிர.

மெயின் ரோட்டில் கடை பார்க்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். அக்கா சிரித்தார். "போய்க் கேட்டோம்மா. 'இன்னா கறி போடுவீங்க'ன்னு மொதல்ல கேக்கறாங்க. அப்பறம் 'எந்தத் தெரு'ன்னு கேக்கறாங்க. அதுக்கு மேல வாடகை எவ்ளோன்னு நாங்க கேக்கவே வேண்டியதில்ல." இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது அந்த அக்காவுக்கு எந்தச் சமூகவியல் வகுப்பும் இல்லாமலே தெரிந்திருக்கிறது. கறியைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கு நாகரிகமான வழி. நகரங்களில் வாடகை வீடு தேடும் நம் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'வெஜிடேரியன் மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் நமக்கும் இருக்கும் உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் 1901 இல் சிறுவனாகப் போன ஒரு பயணத்தைச் சொல்கிறார். அப்பாவைப் பார்க்கக் கோரேகான் போக மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை, கையில் காசு, கட்டுச்சோறு எல்லாம் இருக்கிறது. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாகிறது. வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் கட்டுச்சோற்றைச் சாப்பிட முடியாமல் அந்தப் பிள்ளைகள் பட்டினியாகவே படுத்தார்கள். பயணத்தில் நமக்குக் காசு ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை என்பதைச் சொல்ல இதைவிட வேறு சம்பவம் வேண்டாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே கதை. 1936 இல் நியூயார்க்கில் விக்டர் கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு போட்டார். கறுப்பின மக்களுக்குச் சாப்பாடு போடும் உணவகம் எது, தங்க இடம் கொடுக்கும் விடுதி எது, பெட்ரோல் போடும் கடை எது என்று ஊர் ஊராகப் பட்டியல். 'கிரீன் புக்' என்று பெயர். முப்பது வருடம் போல அது வந்துகொண்டிருந்தது. அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டதும் அதே 1936 தான். நமக்கு அப்படி ஒரு புத்தகம் அச்சாகவில்லை. எந்த டீக்கடையில் நிற்கலாம், எந்தக் கடைக்குப் போகக்கூடாது என்பதை அப்பா பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொடுத்தார்.

தமிழ்நாட்டில் உணவகத்துக்குள் சாதியை உடைக்கச் சண்டை நடக்காமல் இல்லை. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனி இடம் என்ற வழக்கம் எதிர்ப்புக்குப் பிறகு 1941 இல்தான் போனது. 1957 இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால், பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் தொடர் மறியல் நடத்தினார். இதெல்லாம் நம் வரலாறு. ஆனால் பெயர்ப்பலகையில் இருந்த சாதி போனதே தவிர, டீக்கடை பெஞ்சிலும் டம்ளரிலும் இருந்த சாதி போகவில்லை. இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடினால் கடைக்காரர் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்துவிடுகிறார். குவளைதான் ஒன்றாயிற்று. 2018 இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் அரசுப் பள்ளியில் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அங்கே மாட்டுக்கறி சமைக்கவில்லை. சோறும் சாம்பாரும்தான். தீட்டு கறியில் இல்லை, சமைக்கும் கையில் இருப்பதாகத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சைவச் சாப்பாடு கொண்டுபோகப் பச்சைச் சட்டை போட்ட தனிப் படை வைப்பதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த நாளே தனிச் சட்டையைக் கைவிட்டது. ஒரு பார்சல் பெட்டிக்குள் கறி இருந்தது என்பதற்காகவே அந்தப் பெட்டி தீட்டாகிறது என்ற எண்ணம் செயலி வழியாகவும் வர முடிகிறது. தொழில்நுட்பம் சாதியை ஒழிக்கும் என்று நம்புகிற தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதினால் நம் பக்கத்திலிருந்தே மூன்று மறுப்புகள் வரும். மூன்றும் மதிப்பானவை.

ஒன்று, சேர்ந்து உண்பதால் சாதி ஒழியாது என்று அம்பேத்கரே 'சாதி ஒழிப்பு' நூலில் சொல்லியிருக்கிறாரே, நீ ஏன் தட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்பது. உண்மை. சமபந்தி சாதியை ஒழிக்காது. அகமண முறை உடைய வேண்டும், சாதிக்குப் புனிதம் கொடுக்கும் நூல்களின் அதிகாரம் உடைய வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் நான் சமபந்தி கேட்கவில்லை. ஒரு மந்திரி சேரிக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வது எனக்கு வேண்டாம். பொதுப்பணத்தில் பொது இடத்தில் நடக்கும் ஒன்றில் என் மக்களின் உணவும் வியாபாரமும் சமமாக நிற்க வேண்டும் என்கிறேன். இது விருந்தோம்பல் இல்லை, குடியுரிமை.

இரண்டு, தலித்துகள் எல்லோரும் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை, நீங்கள் அதையே அடையாளமாக்கி எங்களை அதில் அடைக்கிறீர்கள் என்பது. இதுவும் சரி. நம் வீடுகளிலேயே 'படித்துவிட்டோம், அதை விட்டுவிட்டோம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. எம்.என். சீனிவாஸ் இதைத்தான் சமஸ்கிருதமயமாக்கம் என்றார். ஆனால் விட்டவர்களுக்கு மரியாதை கிடைத்ததா? சைவமாக மாறிய தலித்துக்கு மெயின் ரோட்டில் கடை கொடுத்தார்களா? திருப்பூர்ப் பள்ளியில் சாம்பார் வைத்த அம்மாவுக்கு என்ன நடந்தது? சாப்பிடுவதும் சாப்பிடாமல் விடுவதும் ஒருவருடைய சொந்த முடிவாக இருக்கட்டும். வெட்கத்தால் விடுவது சொந்த முடிவு இல்லை.

மூன்றாவது இன்னும் கூர்மையானது. மாட்டுக்கறி விஷயத்தில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஒன்று என்கிறோம், ஆம்பூர் டேனரிகளில் முதலாளி யார், கூலி யார் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. இந்த வட்டாரத்தில் பல டேனரி உரிமையாளர்கள் முஸ்லிம்கள். ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்காரும் பெண்களில் தலித் பெண்கள் ஏராளம். முஸ்லிம் ஏழைப் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கிடைப்பது சொற்பக் கூலி. எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. ஒரே தேக்சாவிலிருந்து சாப்பிடுவதால் சம்பளப் பேச்சு முடிந்துவிடாது. மதவெறிக்கு எதிராகத் தோளோடு தோள் நிற்கும் அதே நாளில் குறைந்தபட்சக் கூலியும் கேட்போம். இரண்டையும் ஒன்றாகக் கேட்கத் தெரியாத அரசியல் நமக்கு எதற்கு?

சரி, என்ன செய்வது? கோபப்பட்டு ஒரு பதிவு போடுவதைத் தாண்டி மாணவர்கள் கையில் சில வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, புவிசார் குறியீடு. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019 இல் குறியீடு வாங்கின. 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறியீடு கேட்கிறவர்கள் அந்தப் பொருள் என்ன, எப்படிச் செய்வது, யார் செய்கிறார்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். விண்ணப்பம் புவிசார் குறியீட்டு இதழில் விளம்பரமான மூன்று மாதத்துக்குள், கூடுதல் அனுமதி கேட்டால் இன்னும் ஒரு மாதம், யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை தாக்கல் செய்யலாம். பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணி என்ற பெயரில் எந்த விண்ணப்பம் வந்தாலும், அதில் கறி வகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். ஆடு, கோழி என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினால் பிறகு நம் அக்கா தன் கடையில் 'ஆம்பூர் பிரியாணி' என்று எழுதுவதற்கே சட்டச் சிக்கல் வரலாம். விழா மூன்று நாளில் முடியும். குறியீடு தலைமுறைக்கும் நிற்கும். சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் கையில் எடுங்கள்.

இரண்டாவது, அரசு உணவுத் திருவிழாக்கள். 2022 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் முதலில் மாட்டுக்கறி இல்லை. யாரும் கடை கேட்கவில்லை என்று அமைச்சர் தரப்பில் சொன்னார்கள். கேள்வி எழுந்த பிறகு இடம் கிடைத்தது. கேட்டால் கிடைக்கிறது என்று தெரிகிறது. அப்படியானால் அடுத்த முறை 'யாரும் கேட்கவில்லை' என்று சொல்லவே இடம் வைக்காமல், அறிவிப்பு வந்த அன்றே நம் கடைக்காரர்களை விண்ணப்பிக்க வையுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது, முதல். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீதம் மூலதன மானியமும் 6 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. உணவகமும் தொழில்தான். படிவம் நிரப்புவது, திட்ட அறிக்கை எழுதுவது, வங்கியில் போய் நிற்பது இதெல்லாம் பட்டம் வாங்கிய நமக்குத் தெரியும். ஊரில் ஒரு கடைக்கு ஒரு மாணவர் இதைச் செய்து கொடுத்தால் போதும்.

நான்காவது, சட்டம். அரசியலமைப்பின் 15 ஆவது பிரிவு பொது உணவகத்துக்குள் நுழைய சாதி தடையாகக்கூடாது என்கிறது. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உணவகத்துக்குள் நுழைவதை மட்டும் இல்லை, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் 4 ஆவது பிரிவில் குற்றம் ஆக்கியிருக்கிறது. இரட்டைக் குவளை இன்னும் இருக்கிற ஊருக்குப் போகும்போது கடைக்காரரிடம் வாய்ச்சண்டை போடுவதை விட, படம், தேதி, சாட்சியோடு புகார் எழுதிக்கொடுங்கள்.

ஐந்தாவது, எழுத்து. புனேவில் 2009 இல் 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்று கேட்டு ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வந்தது. தலித் வீடுகளின் உணவு நினைவுகளைச் சமூகவியலாளர் ஷர்மிளா ரேகேயும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து திரட்டினார்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் வீட்டு அடுப்புகளுக்கு அப்படி ஒன்று வேண்டும். உப்புக்கண்டம் எப்படிப் போடுவது, ரத்தப் பொரியல் எப்படி வைப்பது, பஞ்ச காலத்தில் எது பசி ஆற்றியது என்று உங்கள் அம்மாவையும் ஆயாவையும் கேட்டு எழுதுங்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணம் போங்கள். பாங்காக்குக்கும் போங்கள், சோம் தம் சாப்பிடுங்கள், அந்தக் குடும்பக் கடையைப் பற்றி எழுதுங்கள். அங்கே கூலிக்காரர்களின் சாப்பாடு தலை நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து, ஆம்பூரில் அடுத்த பிரியாணித் திருவிழா என்று எப்போது அறிவித்தாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முதல் மனு உங்களுடையதாக இருக்கட்டும். மனுவில் பெரிய வாசகம் எதுவும் வேண்டாம். இந்த ஊரின் தோலை ஏற்றுக்கொண்ட அரசு இந்த ஊரின் கறியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், எங்கள் கடைக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவில் ஒரு மேஜை வேண்டும் என்று எழுதினால் போதும்.